நிலோபரும் சிங்கவரத்துப் பாட்டில்களும்

செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க எத்தனையோ படைகள் வருஷக்கணக்கில் கீழே கூடாரம் அடித்துக் கிடந்தன. எங்கள் தெரு நிலோபர் அதை ஒரே காலைப்பொழுதில், கையில் ஒரு மூத்திர பாட்டிலை மட்டும் வைத்துக்கொண்டு பிடித்துவிட்டாள். சரி, சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். அவள் பிடித்தது கோட்டையை இல்லை. கோட்டைக்குக் கீழே, திண்டிவனம் ரோட்டில் ஒரு வாடகை மாடியில், சென்னையிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்த ஒரு பெரிய டாக்டரின் பிடிவாதத்தோடு மல்லுக்கு நின்றாள். இரண்டில் எது கஷ்டம் என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். கோட்டைக்காவது வாசல் உண்டு.

நிலோபர், மோட்டார் காயில் சுற்றும் சிராஜுதீனின் ஒரே மகள். மருத்துவம் படித்தவள்தான், ஆனால் ஊரில் பாதிப் பேர் அவளை டாக்டர் என்று ஒப்புக்கொள்வதில்லை. ஊசி போட மாட்டாள். மாத்திரை எழுத மாட்டாள். ஜுரம் என்று போய் நின்றால், "நேத்து காலைலேர்ந்து என்னென்ன சாப்பிட்டீங்க, சொல்லுங்க" என்று ஆரம்பித்துவிடுவாள். அவள் வேலை ஆராய்ச்சி. மனுஷர் தின்கிற சோறு உள்ளே போய் என்ன ஆகிறது, எவ்வளவு உழைப்பாக எரிகிறது, எவ்வளவு கொழுப்பாகத் தங்குகிறது, ஒருத்திக்கு எரிவது இன்னொருத்திக்கு ஏன் தங்குகிறது என்று தோண்டித் துருவுகிற வேலை.

சிராஜுதீனுக்கு முதலில் வருத்தம்தான். தன் கடைக்குப் பக்கத்திலேயே மகளுக்கு ஒரு கிளினிக் போர்டு மாட்ட வேண்டும் என்று ஆணியெல்லாம் அடித்து வைத்திருந்தார். அந்த ஆணியில் இப்போது அவருடைய சட்டை தொங்குகிறது. யாராவது சீண்டினால் மட்டும் ரோஷம் வந்துவிடும். "மோட்டாரு சும்மா சுத்தும்போதே எவ்ளோ கரண்ட் இழுக்குதுன்னு மீட்டர் வெச்சிப் பாக்காம நான் காயிலத் தொடுவேனா? எம்பொண்ணு மனுச ஒடம்புக்கு மீட்டர் வெக்கிறா. இன்னா இப்ப?" என்பார். அதோடு எதிராளி வாயை மூடிக்கொள்வான், புரிந்ததாலோ புரியாததாலோ.

இந்த வேலையில் அவள் ஏன் விழுந்தாள் என்பதற்கு ஒரு பூட்டு காரணம்.

நிலோபர் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தபோது அவள் அம்மா ஹுசைன் பீக்குச் சக்கரை ஏறிவிட்டது. பெயர் வேண்டாம், ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். ஹுசைன் பீ உள்ளதைச் சொன்னாள். காலையில் டீ, மத்தியானம் ஒரு வேளை சோறு, ராத்திரி மிச்சம் மீதி இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. டாக்டர் சிரித்துவிட்டார். "இவ்ளோ கொஞ்சமா சாப்பிடற உடம்பா இது? பொய் சொல்றீங்கம்மா. யாரும் பார்க்காதப்ப எதையோ எடுத்துத் தின்னுறீங்க."

ஹுசைன் பீ பஸ் ஏறித் திரும்பினாள். வீட்டுக்கு வந்ததும் சமையல் அறைக் கதவில் ஒரு பூட்டைப் போட்டாள். சாவியை மகள் கையில் திணித்தாள்.

"நீயே வெச்சிக்க. சாய்ங்காலம் ஆனா பூட்டிடு. அடுத்த வாட்டி அந்தாளு கேட்டா நீ சொல்லு. நான் சொன்னா பொய்யி."

பூட்டு ஒரு மாசம் தொங்கியது. சக்கரை இறங்கவே இல்லை. அம்மா சொன்னது உண்மை என்று மகளுக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் தெரிந்து என்ன செய்ய? அந்த டாக்டரின் முகத்துக்கு நேரே காட்ட அவளிடம் பூட்டும் சாவியும்தான் இருந்தன. அவை போதாது. உடம்பே வாய் திறந்து சொல்கிற மாதிரி ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சியைத் தேடித்தான் அவள் மருத்துவம் படித்தாள், கிளினிக் வேண்டாம் என்றாள், பார்க்க வந்த மாப்பிள்ளைகளில் ஒருவரை "உங்க அம்மா ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் உக்கார்றாங்க?" என்று கேட்டு விரட்டினாள்.

கடைசியில் அந்தச் சாட்சி தண்ணீர் ரூபத்தில் வந்தது.

பார்க்கத் தண்ணீர், குடிக்கத் தண்ணீர். ஆனால் அதிலிருக்கும் அணுக்கள் நம் கிணற்றுத் தண்ணீரில் இருப்பவற்றைவிடக் கொஞ்சம் கனமானவை. ஒருத்தி அதை ஒரு டம்ளர் குடித்தால், அதில் ஒரு வகை அணு மூத்திரமாகவும் வேர்வையாகவும் வெளியேறும். இன்னொரு வகை அப்படியும் வெளியேறும், மூச்சிலும் வெளியேறும். தினமும் காலையில் கொஞ்சம் மூத்திரத்தை எடுத்து இரண்டும் எந்த வேகத்தில் குறைகின்றன என்று பார்த்தால், அவள் எவ்வளவு மூச்சு விட்டாள், அதாவது எவ்வளவு எரித்தாள் என்று தெரிந்துவிடும். வாயால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. யாரும் அவளைப் பொய்க்காரி என்று சொல்ல முடியாது. வெளிநாட்டிலிருந்து வரும் சமாசாரம், விலையும் அதற்கேற்ற மாதிரி. வீணானால் இன்னொரு தரம் கேட்டு வாங்குவது லேசில்லை.

ஆய்வுக்குத் தலைவர் சென்னையில் இருக்கும் டாக்டர் ஆனந்தராஜ். செஞ்சிப் பக்கத்துக்குப் பொறுப்பு நிலோபர். அவள் சிங்கவரம் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தாள். வேர்க்கடலை பறிக்கிற நாளாகப் பார்த்து, காட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு அந்தத் தண்ணீரைக் கொடுத்தாள். முதலில் குடித்தவள் மீனம்பாள். அவள் குடிக்காவிட்டால் தெருவில் வேறு யாரும் குடிக்க மாட்டார்கள் என்பதால் அவளைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

மீனம்பாள் டம்ளரை அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள். நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தாள். "இதுக்கா பாப்பா ஏரோப்ளேன்ல வரணும்? எங்க போர் தண்ணி இத விட ருசியா இருக்குது."

பேர் ஒட்டிய பாட்டில்களை வீடு வீடாகக் கொடுத்தார்கள். காலையில் எழுந்ததும் நிரப்பி, மூடி, வாசற்படி ஓரம் வைத்துவிட்டால் போதும். கவிதா என்று ஒரு பெண், ஸ்கூட்டியில் ஐஸ் பெட்டியோடு வந்து எடுத்துக்கொண்டு போவாள். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. கவிதா ஒரு நாள்கூட வெறும் கையோடு திரும்பவில்லை. இப்படி ஒழுங்கான ஊர் எங்குமே கிடையாது என்று நிலோபர் பெருமைப்பட்டுக்கொண்டாள். அங்கேயே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

முதல் வாரத்துப் பாட்டில்களைச் சோதித்து முடிவு வந்தபோது, இரண்டாம் வாரத்துப் பாட்டில்கள் இன்னும் நிரம்பிக்கொண்டிருந்தன. சென்னையிலிருந்து போன் வந்தது.

"நிலோபர், என்னம்மா இது? மீனம்பாள்னு ஒருத்தங்க. செவ்வாய்க்கிழமை அவங்க உடம்புல நாம குடுத்த தண்ணி இருந்த தடயமே இல்லை. புதன்கிழமை திரும்ப வந்திருக்கு. இப்படி ஒண்ணு ரெண்டு பேர் இல்லை, பாதிப் பேர்."

"சார், எங்கயோ தப்பு நடந்திருக்குது. நான் பாக்குறேன்."

"பார்க்க என்ன இருக்கு? சாப்பாட்டைப் பத்திக் கேட்டப்பவே இவங்க சொன்ன அளவு நம்பற மாதிரி இல்லை. இப்ப சாம்பிளும் நம்பற மாதிரி இல்லை. வாயாலயும் பொய், மூத்திரத்துலயும் பொய். வெள்ளிக்கிழமை நானே வரேன். செஞ்சியை மூடிடலாம். இந்தப் பகுதிப் பெண்கள் நம்பகமானவங்க இல்லைன்னு ஒரு அறிக்கை தயார் பண்றேன், நீ கையெழுத்துப் போட்டுடு. சென்னைல ஹாஸ்டல் பொண்ணுங்களை வெச்சு முடிச்சுடலாம்."

போனை வைத்த பிறகு நிலோபர் சோதனை முடிவின் எண்களை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். 'பொய்' என்ற சொல் காதுக்குள் குடைந்தது. அம்மாவிடம் ஒரு டாக்டர் சொன்ன அதே சொல். இப்போது அதன் கீழே மகள் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

பிறகு எண்கள் பேசின. உடம்பை விட்டுப் போன தண்ணீர் மறுநாள் திரும்பி வராது. அது ஆண்டவன் போட்ட சட்டம். அப்படியானால் செவ்வாய்க்கிழமைப் பாட்டிலில் இருந்தது மீனம்பாளுடையது இல்லை. வேறு யாருடையதோ.

மறுநாள் பொழுது விடியும்போதே, கவிதாவுக்கு முன்னால், நிலோபர் சிங்கவரத்தில் போய் நின்றாள். மீனம்பாள் வீடு பூட்டிக் கிடந்தது. கடலை பறிக்க இருட்டிலேயே கிளம்பியிருப்பாள். வாசற்படியில் பாட்டிலைக் காணோம். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுப் புழக்கடையிலிருந்து ராஜாம்பாள் வந்தாள். அவள் இந்த ஆய்விலேயே இல்லாதவள். முட்டிவலி, காட்டு வேலைக்குப் போவதில்லை. கையில் மீனம்பாள் பேர் போட்ட பாட்டில், கழுத்துவரை நிரம்பியது. அதை முந்தானையால் பளபளவென்று துடைத்து, பேர் வெளியே தெரிகிற மாதிரி திருப்பி, வாசற்படியில் வைத்தாள்.

"ராஜாம்பாக்கா, அது யாருது?"

ராஜாம்பாள் திடுக்கிடக்கூட இல்லை. "மீனம்பாளுது. பேர் போட்டிருக்குதே, படிக்கத் தெரியாதா?"

"பாட்டில் மீனம்பாளுது. உள்ள இருக்கறது?"

"உள்ள இருக்கறது என்னுது. அதுக்கு இன்னா? அவ வெள்ளன போயிட்டா. பாட்டிலு சும்மாக் கெடக்குது. அந்தக் கவிதாப் பொண்ணு வெறும் பாட்டிலத் தூக்கினு போவுமா? குடுத்த ஏனத்த வெறுசா திருப்பறதா? நாங்க இன்னா அவ்ளோ கேடு கெட்ட ஊரா?"

"அக்கா..."

"வேற ஏனமா இருந்தா ஒரு பிடி சக்கரையப் போட்டுக் குடுத்திருப்பேன். இதுல சக்கரை போட்டா எல்லாருக்கும் சக்கரை வியாதின்னு எழுதிடுவியே! அதான் நீ எதக் கேட்டியோ அதையே போட்டுக் குடுத்தேன். நான் மட்டும் இல்ல, தெருவுல அவங்கவங்க பக்கத்து வூட்டுக்குப் பாத்துதான் செய்றோம்."

நிலோபர் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். ராஜாம்பாளும் எதற்கென்று தெரியாமல் கூடச் சிரித்தாள். பிறகு நிலோபரின் சிரிப்பு சட்டென்று நின்றது.

அடுத்த வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தை எந்த வீட்டில் காலியாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள்? ஹுசைன் பீ இரண்டு பேரீச்சம்பழமாவது போடுவாள். எதுவும் இல்லாத நாளில் ஒரு கொத்து கறிவேப்பிலை. சின்ன வயதில் அந்தக் கிண்ணங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தவளே நிலோபர்தான். அப்படிப்பட்டவள் ஒரு ஊர் முழுக்கப் பாத்திரத்தைக் காலியாகக் கொடுத்துவிட்டு, தினமும் வாசலில் வந்து திருப்பிக் கேட்டிருக்கிறாள். யார்தான் வெறுமையாகக் கொடுப்பார்கள்? அந்தப் பெண்கள் பொய் சொல்லவில்லை. மரியாதை செய்திருக்கிறார்கள்.

"அக்கா, இனிமே ஆள் இல்லாத வூட்டுப் பாட்டில்ல ரெண்டு வேர்க்கடலை போட்டு மூடி வெச்சிடுங்க. வேற எதுவும் வேணாம்."

ராஜாம்பாள் யோசித்தாள். "ரெண்டு போதுமா? கஞ்சத்தனமா இருக்காது?"

"போதும்."

"நாலாப் போடறேன்" என்றாள் ராஜாம்பாள். அதற்குமேல் அவளை இறக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை டாக்டர் ஆனந்தராஜ் வந்தார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். இஸ்திரி மடிப்புக் கலையாத மனுஷர். மாடியில் நுழைந்ததும் ஐஸ் பெட்டியைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே நான்கு வேர்க்கடலை கலகலத்தன.

"இது என்ன?"

நிலோபர் ஒன்றுவிடாமல் சொன்னாள். ராஜாம்பாள் பாட்டிலைத் துடைத்த விதத்தைக்கூடச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இதை நான் எங்க போய் சொல்றது? மூத்திர பாட்டில்ல கடலை! என் பேரைக் கேட்டாலே சிரிப்பாங்க." பிறகு ஒரு வெற்று அறிக்கைத் தாளை அவள் பக்கம் தள்ளி, குரலைத் தாழ்த்தினார். "சரி, பொம்பளைங்களைப் பத்தின அந்த அறிக்கை வேண்டாம். வேற வழி சொல்றேன். கரண்ட் போச்சு, ஃப்ரீசர் நின்னுடுச்சு, சாம்பிள் கெட்டுடுச்சுன்னு எழுதிடு. உனக்கும் கெட்ட பேர் இல்லை, அவங்களுக்கும் இல்லை. அழகா முடிஞ்சுடும்."

"கரண்ட் போகல சார்."

"போச்சுன்னு எழுதுங்கறேன்."

"எங்க ஊர்ல கரண்ட் போறது ஒண்ணும் அதிசயம் இல்ல சார். ஆனா இந்த ரெண்டு வாரத்துல எங்க ஃப்ரீசர் நிக்கவே இல்ல. நடக்காதத நான் எழுத மாட்டேன்."

"நிலோபர், உன் வேலைக்கு உலை வெச்சுக்காதே."

"ஹாஸ்டல் பொண்ணுங்க மூணு வேளையும் மெஸ்ஸுல சாப்பிட்டுட்டு ஃபேனுக்கு அடியில உக்காந்து படிக்கிறாங்க. அவங்க எரிக்கிறத அளந்து, அத வெச்சி மீனம்பாள் எவ்ளோ சாப்பிடணும்னு எழுதுவீங்க. அத ஒரு டாக்டர் படிப்பார். படிச்சிட்டு யாரோ ஒரு அம்மாவப் பாத்து நீ பொய் சொல்றேன்னு சொல்வார். அதுக்கு நான் துணை போக மாட்டேன் சார். பாட்டில் குடுத்த எம்மேலதான் தப்பு. அத அப்படியே எழுதுறேன். இன்னொரு தடவ தண்ணி வாங்கிக் குடுங்க. இதே ஊரு, இதே பொம்பளைங்க."

"முடியாது."

அப்போதுதான் மாடிப்படி அதிர்ந்தது. ஷேர் ஆட்டோ பிடித்து மீனம்பாள் வந்துவிட்டாள். பின்னாலேயே முட்டியைப் பிடித்துக்கொண்டு ராஜாம்பாள், அவளுக்குப் பின்னால் தெருவில் பாதி. கவிதா போன் பண்ணிச் சொல்லியிருக்கிறாள்.

"யாருய்யா எங்களப் பொய்யின்னது?" என்றாள் மீனம்பாள்.

டாக்டர் எழுந்து நின்றார். "யாரும் பொய்யின்னு சொல்லலைம்மா. தகவல் நம்பகமா இல்லைன்னுதான்..."

"ரெண்டும் ஒண்ணுதான? நீங்க சொன்னா நம்பகம் இல்ல, எங்க காதுல வுழுந்தா பொய்யி. இன்னா துன்னேன்னு கேட்டீங்க, சொன்னோம். பொய்யின்னீங்க. மூத்திரத்தக் குடுன்னீங்க, வெக்கத்த வுட்டுக் குடுத்தோம். அதும் பொய்யா? இன்னும் எங்ககிட்ட இன்னாதான்யா இருக்குது குடுக்க?"

"அம்மா, உங்க பாட்டில்ல வேற ஒருத்தர்..."

"ஆமா, அவதான் ரொப்பினா." மீனம்பாள் ராஜாம்பாளைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "எங்கூட்டு மரியாதயக் காப்பாத்துனவ. அவளத் திட்றதா இருந்தா என்னத் திட்டு. ஆனா ஒண்ணு. எங்கள அடிச்சிட்டு வேற ஊருப் பொண்ணுங்களப் போட்டா, அது எங்க கணக்கு ஆவாது. நீ ஒரு நாளு சிங்கவரம் வா. இந்தத் தண்ணியக் குடிச்சிட்டு, எங்கூடக் குனிஞ்சி கடலை பறி. நீ எவ்ளோ எரிக்கிற, நான் எவ்ளோ எரிக்கிறேன்னு பாத்துடலாம். உம் பாட்டில நானே வந்து எடுத்துகினு போறேன்."

படிக்கட்டில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிலோபர் சிரிக்கவில்லை. அந்த வெற்று அறிக்கைத் தாளை அப்படியே அவர் முன்னால் தள்ளினாள்.

அதற்குமேல் நடந்ததை என்ன சொல்ல! டாக்டரின் இஸ்திரி மடிப்பு அத்தனையும் ஒரே நொடியில் கலைந்துவிட்டது. அறிக்கையைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நடுங்குகிற கையோடு, புதுத் தண்ணீர் வரவழைக்கச் சொல்லும் தாளில் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டார். மீனம்பாளைக் கும்பிட்டார். ராஜாம்பாளுக்கு முதுகு காட்டக் கூடாது என்று பின்பக்கமாகவே மாடிப்படி இறங்கினார். கார் திண்டிவனம் தாண்டும்வரை கண்ணாடியைக்கூட இறக்கவில்லையாம்.

"டீச்சர்ம்மா, இந்தக் கடைசிப் பத்திய அடிச்சிடுங்க" என்கிறாள் நிலோபர். நான் இதை எழுத எழுத என் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் படித்துக்கொண்டே இருந்தவள். "கையும் நடுங்கல, கும்பிடவும் இல்ல. கையெழுத்தே போடல. 'இப்படிப்பட்ட ஆய்வுல என் பேர் இருக்கக் கூடாது'ன்னு சொல்லி, தன் பேரைத்தான் அடிச்சிட்டுப் போனார். முன்பக்கமாத்தான் எறங்கிப் போனார். பாட்டில், கடலை, நான் பண்ண தப்பு, எல்லாத்தையும் எழுதி, இன்னொரு வாட்டி தண்ணி வேணும்னு மேல கேட்டது நான். பொறுப்புங்கற எடத்துல இப்ப என் பேரு ஒண்ணுதான் இருக்குது. இந்த வாட்டியும் கெட்டுப் போனா என் வேலை போயிடும். தண்ணி வந்துடுச்சு. திங்கக்கிழம மொதல்ல மீனம்பாக்காதான் குடிக்கிறாங்க. அத எழுதுங்க."